கட்டை போட்டாச்சா

இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. அவர்கள் பேசி முடித்ததும் ஏகாம்பரம் எழுந்து போய், செத்துப்போன செல்லச்சாமி மேல் இன்னொரு தடவை பழியைப் போட வேண்டும். அதுவும் இங்கிலீஷில், நாலு நிமிஷத்துக்குள், ஆறு ஸ்லைடோடு. இப்போது ஒரு பையன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். காலேஜ் விழாவுக்கு உதவி செய்கிறேன் என்று சொன்ன ஜூஸ் கம்பெனி கடைசி நாளில் கையை விரித்துவிட்டதாம், அதுதான் அவன் வாழ்க்கையில் கண்ட தோல்வியாம். சொல்லும்போது குரல் லேசாக உடைகிறது, உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைகிறது, கண்ணாடி முன்னால் நின்று பழகியிருப்பான். வகுப்பில் அறுபது பேர். படிக்கட்டு மாதிரி ஏறிப்போகிற வரிசைகள், ஒவ்வொருத்தர் முன்னாலும் மடித்து நிறுத்திய பெயர் அட்டை, ஏசி எந்நேரமும் பதினெட்டில். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஏகாம்பரம். முப்பத்தெட்டு வயது, வகுப்பிலேயே மூத்தவன், பாடம் எடுக்கிற பேராசிரியர் வசுமதிக்கே அவனைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவன் சொல்லி அது அழுத்தவில்லை. பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டிய கால், பயம் வந்தால் தானாகப் பிரேக்கைத் தேடும். கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. எடு என்று சொல்லிப் பார்க்கிறான், எடுக்கவில்லை, அன்றைக்கு மட்டும் எடுத்தாயே என்று காலைப் பார்த்துக் கேட்கலாம் போலிருக்கிறது, காலிடம் என்ன கேட்பது. கடைசி வரிசையில் வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, மடியில் சின்ன நோட்டு. குல்கர்னி. புனேயிலிருந்து வந்திருக்கிறார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, நானூறு லாரி ஓடுகிற கம்பெனி, சென்னைக் கிளைக்கு ஒரு மேனேஜர் தேடுகிறார். காலேஜில் வேலை வாங்கிக் கொடுக்கிற ஆபீசில் நேற்றே சொல்லிவிட்டார்கள், சார், அவர் உங்க கதையக் கேக்கத்தான் வர்றார், அப்புறம் இன்டர்வியூங்கறது சும்மா பேருக்கு. காலையில் ஆற்காட்டிலிருந்து பொண்டாட்டி சுகந்தி போன் பண்ணினாள். "அந்த கம்பெனி ஆளு இன்னிக்குத்தானே வர்றாரு? பேந்தப் பேந்த முழிக்காம பேசு. உனக்குக் கோவம் வந்தா மூஞ்சி கல்லு மாதிரி ஆயிடுது, சிரிச்ச மாதிரி வச்சுக்க." செத்தவன் கதையைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குக் கதையே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஸ்லைடில் இருக்கிற கதை.

ஜூஸ் பையன் முடித்துவிட்டான். கை தட்டுகிறார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் கை தட்டுவார்கள். அவன் தோற்று, தோற்றதில் பாடம் கற்று, அடுத்த வருஷம் பதினோரு கம்பெனியைப் பிடித்துவிட்டானாம். இதுவரைக்கும் பேசின நாலு பேரும் அப்படித்தான், தோல்வி என்று ஆரம்பித்து ஜெயித்த கதையில் கொண்டுபோய் முடித்தார்கள். தோல்வியை இவர்கள் மெடல் மாதிரி சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். ஏகாம்பரத்திடம் நிஜ மெடலே மூன்று இருக்கிறது, சர்வீஸ் போட்டால் தானாக வருகிற மெடல், பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. முதல் வாரம் வசுமதி அவன் பெயரைக் கூப்பிட்டதும் விறைத்து எழுந்து நின்றான், கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. பக்கத்தில் இருந்த தர்ஷன் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "ஜி, உக்காருங்க ஜி, இங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்க" என்றான். இருபத்துமூன்று வயசு, நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல முடியாது, ஸ்லைடெல்லாம் அவன்தான் போட்டுக் கொடுத்தான். எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் ஊரில் இரண்டே வேலை. ஏடிஎம் வாசலில் ஒரு ஸ்டூல், இல்லாவிட்டால் அபார்ட்மெண்ட் கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற நோட்டு. இரண்டும் வேண்டாம் என்று சுகந்திதான் பேப்பரில் பார்த்து இந்த மேனேஜ்மெண்ட் கோர்ஸுக்கு எழுதிப் போடச் சொன்னாள், படைவீரர்களுக்கு ஒரு சீட், ஒரு வருஷப் படிப்பு, தபாலில் படித்த பி.ஏ. போதும். இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பேனாவைக் கடித்துக்கொண்டு, உங்க தோல்வி ஒண்ணு சொல்லுங்க என்றார். யோசிக்க நேரமில்லை, வாய் அதுவாகவே பழைய வாக்குமூலத்தைச் சொல்ல ஆரம்பித்தது. மலை, பனி, லாரி, நான் கேட்டேன், ரெண்டு தட்டு வந்தது, காலை எடுத்தேன், வண்டி உருண்டது. பேனாவைக் கடிப்பதை அவர் நிறுத்திவிட்டார். மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். அப்படிச் சாய்கிறவர்களைப் பார்த்தால் சொல்கிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடுகிறது. ஆக, சீட் வாங்கிக் கொடுத்தது செல்லச்சாமிதான். இன்றைக்கு வேலையும் அவனே வாங்கிக் கொடுக்கப் போகிறான். இருக்கும்போது ஒரு பீடிகூட வாங்கிக் கொடுக்காத பயல்.

இப்போது ஷெரின் போகிறாள். ஐடி கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், க்ளையண்ட்டுக்குத் தப்பான ஃபைலை அனுப்பிவிட்டாளாம். தர்ஷன் குனிந்து, "ஜி, அடுத்து நீங்க. டென்ஷன் ஆகாதீங்க, உங்க கதைதான் டாப்பு. நாங்கல்லாம் ஃபைல் தொலைஞ்ச கதை சொல்லிட்டிருக்கோம், உங்க கதைல ஆளே போயிருக்கான்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. "சாரி ஜி, நான் அப்படிச் சொல்ல வரல." ஏகாம்பரம் தலையாட்டினான். அவன் என்ன தப்பாகச் சொல்லிவிட்டான், உள்ளதைச் சொன்னான். மூன்று நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாஸ்டல் மெஸ் மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஸ்லைடு போட்டார்கள். நாலாவது ஸ்லைடில் ஒரு லாரி பொம்மை, அதன் பக்கவாட்டில் வளைவு வளைவாக இரண்டு கோடு, அதுதான் தட்டின சத்தமாம். "நான் கேட்டேன், பதில் வந்துச்சுங்கற இடம்தான் ஜி ட்விஸ்ட்டு. அங்க ரெண்டு செகண்ட் நிறுத்துங்க. அப்புறம் மெதுவா, ஆனா கட்டை இல்லைன்னு சொல்லுங்க. அவ்ளோதான், எல்லாரும் காலி." அஞ்சாவது ஸ்லைடில், இவன் கொண்டுவந்த புது முறையால் விபத்து நாற்பது சதவீதம் குறைந்தது என்று இருந்தது. புது முறையை இவன் ஒன்றும் கொண்டுவரவில்லை, மேலேயிருந்து ஆர்டர் வந்தது. "நாப்பது எங்கேருந்து வந்துச்சு தம்பி?" "ஒரு நம்பர் இருந்தா நல்லாருக்கும் ஜி. யாரு போய் மலைல எண்ணப் போறாங்க?" ஆறாவது ஸ்லைடு கடைசி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி, இங்கிலீஷில். சத்தத்தை நம்பாதே, கண்ணால் பார். வராத சத்தத்தை நம்பக் கூடாது என்று ஒரு பாடம், அதற்கு ஒரு கறுப்புப் பின்னணி.

கட்டை என்பது ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. முக்கோணமாக அறுத்த மரம், ஒரு முழம் நீளம், ஒரு ஓரத்தில் கயிறு. ஊரில் லாரி கிளீனர் போடுகிற அதே கட்டைதான், ராணுவத்தில் அதற்குப் பெயிண்ட் அடித்து நம்பர் போட்டிருப்பார்கள். மலை ரோட்டில் வண்டி நின்றால் டிரைவர் பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல் சத்தமாகக் கேட்க வேண்டும். கூட இருக்கிற கோ-டிரைவர் குதித்துப் போய்ப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, வண்டி உடம்பில் இரண்டு தட்டு தட்டி, போட்டாச்சு என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கால். மற்ற வண்டிகளில் இந்தியில் கேட்பார்கள், லகா க்யா என்று. ஏகாம்பரமும் செல்லச்சாமியும் ஒரே வண்டி என்றால் தமிழ்தான். "கட்டை போட்டாச்சா?" "போட்டாச்சு மாப்ள, கால எடு, நாறுது." பதினாலு வருஷ சினேகிதம். இவன் ஆற்காடு, அவன் கோவில்பட்டிப் பக்கம், ஒரே நாளில் ஆள் எடுத்தார்கள், ஒரே தகர ட்ரங்கில் இரண்டு பேர் துணியும் கிடந்த காலம் உண்டு. அப்புறம் அப்பா செத்ததற்கு ஊருக்குப் போன செல்லச்சாமி லீவு முடிந்து பதினோரு நாள் கழித்து வந்தான். கேள்வி கேட்டதற்குத் திமிராகப் பதில் சொன்னான். அவன் காகிதத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு விழுந்தது. சிவப்பு விழுந்தால் மேலே போக முடியாது. இவன் ஹவில்தார் ஆனான், அவன் நாயக்காகவே நின்றான், இவனுக்குக் கீழே. அதற்காக அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தோளில் இருக்கிற பட்டையைச் சுண்டிப் பார்த்து, "என்ன மாப்ள, துணி சாயம் போகுதா?" என்று கேட்பான், அவ்வளவுதான். சுளித்தது இவன்தான். அன்றைக்குக் காலை நாலு மணி, பதினோரு வண்டி வரிசையாக நிற்கிறது, மண்ணெண்ணெய் பீப்பாய் ஏற்றியாகிவிட்டது, எல்லாருடைய வாயிலிருந்தும் புகை வருகிறது. சுபேதார் வந்து இவன் வண்டி பக்கத்தில் நின்றார். நிற்கிறாரே என்று, அவருக்கு முன்னால் அதிகாரமாக இருக்கட்டுமே என்று, இவன் செல்லச்சாமியைப் பார்த்து, நாயக், கண்ணாடி துடைச்சியா இல்லையா என்று இந்தியில் அதட்டினான். மாப்ள என்று சொல்லவில்லை. செல்லச்சாமி ஒரு நிமிஷம் இவனைப் பார்த்தான். அப்புறம் குதிகாலைத் தட்டி நின்று ஒரு சல்யூட் வைத்து, "ஜீ உஸ்தாத்" என்றான், உத்தரவு வாத்தியாரே என்கிற மாதிரி. சுபேதார் சிரித்துவிட்டார்.

அதோடு தமிழ் நின்றுபோனது. வண்டி கிளம்பி ஆறு மணி நேரம் அவன் பேசினது மூன்று தடவை, மூன்றும் இந்தி. "பானி சாஹியே?" கோவில்பட்டிக்காரன் ஆற்காட்டுக்காரனைப் பார்த்துத் தண்ணி வேணுமா என்று இந்தியில் கேட்கிறான், முகத்தில் சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை, யாரோ வழியில் ஏறின ஆளிடம் கேட்கிற மாதிரி. இவனும் விடவில்லை, நஹி என்றான். உண்மையில் தொண்டை காய்ந்து கிடந்தது. ஷெரின் எதையோ சொல்ல வகுப்பு சிரிக்கிறது, குல்கர்னியும் சிரிக்கிறார், ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது. இந்தக் குளிர் அந்தக் குளிர் இல்லை. அந்தக் குளிரில் மூக்குக்குள் இருக்கிற மயிர் கம்பி மாதிரி குத்தும். ஆனாலும் கழுத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை, கழுத்து அங்கேதான் இருக்கிறது. பத்தரை மணி இருக்கும், முன்னால் எங்கேயோ பாறை சரிந்துவிட்டது என்று கான்வாய் நின்றது. ஏற்றம். ரோட்டில் இளகின பனி. இவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டான், அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்க வேண்டும். ட்ரெயினிங்கில் அரியானாக்காரர் ஒருத்தர் தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தது அதுதான். நீ கேக்கணும், அவன் சொல்லணும், அப்புறம்தான் கால், பொண்டாட்டியோட சண்டையா இருந்தாலும் சரி, கோ-டிரைவரோட சண்டையா இருந்தாலும் சரி, கேளு. கதவைத் திறந்து செல்லச்சாமி இறங்கினான். படாரென்று சாத்தினான். இவன் வாயைத் திறந்தான். கட்டை போட்டாச்சா என்று தமிழில் கேட்டால் இவன் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும், அவன் ஜெயித்த மாதிரி. லகா க்யா என்று இந்தியில் கேட்டால் இனிமேல் தமிழே இல்லை என்று ஆகிவிடும், அதுவும் பயமாக இருந்தது. எதில் கேட்பது. எதில் கேட்டால் கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். சின்னப் பிள்ளைகள் மாதிரி. முப்பத்துநாலு வயசு, இரண்டு பெண் பிள்ளைக்கு அப்பன், மண்ணெண்ணெய் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த மொழியில் பேசுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். கேட்காமலே போடட்டுமே, போடத்தானே போயிருக்கிறான், தெரியாதா அவனுக்கு. ஃப்ளாஸ்க் அந்தப் பக்கத்து சீட்டில் இருந்தது. தொண்டை காய்ந்திருந்தது. எட்டி எடுக்கும்போது கால் வந்துவிட்டது.

ஒரு முழம்தான் உருண்டது. எத்தனை தடவை யோசித்தாலும் ஒரு முழம்தான், அதற்குமேல் ஒரு விரல்கூட உருளாது. இவன் மறுபடி மிதித்துவிட்டான். சத்தம் ஒன்றும் வரவில்லை, தட்டு ஒன்றும் வரவில்லை, யாரும் கத்தவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஓடிவந்து கதவில் அடித்தபோதுதான் தெரிந்தது. செல்லச்சாமி பின் சக்கரத்தடியில் குனிந்து கட்டையை வைத்துக்கொண்டிருந்தான். கயிறு கையில் சுற்றியிருந்தது. யாரும் கேட்காமலே தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான், அவனுக்கு இன்னும் இரண்டு நொடி வேண்டியிருந்தது. அந்த இரண்டு நொடியைத்தான் தர்ஷன் நாலாவது ஸ்லைடில் நிறுத்தச் சொல்கிறான். அப்புறம் விசாரணை. கேப்டன் நல்ல மனுஷர், சுபேதார் அதைவிட நல்ல மனுஷர். டென்ட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துச் சொன்னார், அவன் போயிட்டான், அவனுக்கு இனிமே என்ன ஆகப் போகுது, உனக்குக் குடும்பம் இருக்கு, கேட்டேன்னு எழுது, ரெண்டு தட்டு வந்துச்சுன்னு எழுது, அவன் சீக்கிரமே தட்டிட்டான், அவ்வளவுதான், டூட்டியில செத்ததுதான், வீட்டுக்கு வர வேண்டியது எல்லாம் வரும். இந்தியில் எழுதினான். கையெழுத்துப் போட்டான். கேட்டேன், பதில் வந்தது, காலை எடுத்தேன். சொல்லச் சொல்ல அது பழகிப்போனது. ஒரு கட்டத்தில் அந்த இரண்டு தட்டும் அவன் காதிலேயே கேட்க ஆரம்பித்தது. டக், டக். இப்போதுகூடக் கேட்கிறது. முன் வரிசையில் எவனோ பேனாவால் மேஜையைத் தட்டுகிறான்.

லீவில் வந்தபோது கோவில்பட்டிக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். செல்லச்சாமி பொண்டாட்டி வள்ளித்தாய் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். கலர் வாங்கிக் கொடுத்தாள். அவள்தான் பேசினாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. "அவுக கட்டைய வைக்காமலே வச்சுட்டேன்னு தட்டிட்டாகளாம்லா. காயிதத்துல போட்டிருக்குன்னு வாத்தியார் படிச்சுச் சொன்னாரு. எப்பவும் அவசரந்தான் அவுகளுக்கு. ஒங்க உசுருக்குமில்ல ஆபத்தாப் போயிருக்கும். மனசுல வச்சுக்கிடாதீக அண்ணாச்சி." மன்னிப்புக் கேட்டாள். இவனிடம். இவன் கலரைக் குடித்தான். மனசுல ஒண்ணும் இல்லம்மா என்று சொன்னான். அதைத்தான் சொன்னான், அட்சரம் பிசகாமல், மனசுல ஒண்ணும் இல்லம்மா. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மதுரை வரைக்கும் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வந்தான், திட்டினதும் தமிழில்தான். மதுரையில் இறங்கி இரண்டு புரோட்டா தின்றான். பசித்தது. தின்ன முடியாமல் போயிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். இந்தக் கதை எந்த ஸ்லைடிலும் இல்லை. இதில் கற்றது என்று ஒரு வரியும் வராது. ஒருத்தன் கோபித்துக்கொண்டான், ஒருத்தன் செத்தான், இதை எந்தக் கம்பெனியில் எந்தப் பாடத்துக்குச் சேர்ப்பது. சிஸ்டம் ஃபெயிலியர் என்கிறாள் வசுமதி, எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பிராசஸ் என்கிறாள், ஹ்யூமன் ஃபேக்டர் என்கிறாள். மாப்ள என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதற்கு அவளிடம் பெயர் இருக்குமா. இருந்தாலும் இருக்கும், கேட்டால் போர்டில் எழுதிப் போடுவாள்.

"மிஸ்டர் ஏகாம்பரம்." கை தட்டல் ஓய்ந்துவிட்டிருந்தது, ஷெரின் எப்போது இறங்கினாள் என்றே தெரியவில்லை. எழுந்தான். கை தொடையோடு ஒட்டிக்கொண்டது, இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தர்ஷன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கால் தரையை விட்டு வந்தது, அதுவே அதிசயம், படி இறங்கினான், முன்னால் போய் நின்றான். கையில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் கொடுத்தார்கள், அமுக்கினால் ஸ்லைடு மாறும். முதல் ஸ்லைடில் அவன் பெயர், யூனிபாரத்தில் ஒரு படம். வசுமதி, அவன் பதினேழு வருஷம் தேசத்துக்குச் சேவை செய்தவன் என்று குல்கர்னியைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள். குல்கர்னி நோட்டைத் திறந்தார். அவர் முன்னால் சாய்ந்தார். அதே சாய்வு. இவன் ஆரம்பித்தான், மனப்பாடம் பண்ணின இங்கிலீஷ், நன்றாகவே வந்தது, மலை வந்தது, பனி வந்தது, பதினோரு வண்டி வந்தது. இரண்டாவது ஸ்லைடு, மூன்றாவது. நாலாவது ஸ்லைடுக்கு அமுக்கினான். லாரி பொம்மை, வளைவாக இரண்டு கோடு. நான் கேட்டேன் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும், இரண்டு செகண்ட் நிறுத்த வேண்டும். நிறுத்துவது முதலில் வந்துவிட்டது. இரண்டு செகண்ட் போனது, அஞ்சு போனது. இங்கிலீஷில் சொன்னால் வேலை. இந்தியில் சொன்னால் குல்கர்னிக்கு இன்னும் நன்றாகவே புரியும், அந்த மொழியில்தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மறுபடியும் நிற்கிறான், ஏற்றத்தில், வாயைத் திறந்துகொண்டு, எதில் சொல்வது என்று.

"நான் கேக்கல" என்றான். தமிழில். வகுப்பில் பாதிக்குமேல் தமிழ்ப் பிள்ளைகள், எவனோ பின்னால் களுக்கென்று சிரித்தான், தமிழ் வந்தாலே சிரிப்புதானே இங்கே. "கேட்டேன்னு ஸ்லைடுல இருக்கு. பொய். நான் கேக்கல. அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல அன்னிக்கு, நான்தான் மொதல்ல அவனை மத்தவங்க எதிர்ல அதட்டினேன், அந்த வீம்புல கேக்காம விட்டேன். அவன் தட்டவும் இல்ல. அவன் கட்டைய ஒழுங்காத்தான் வச்சிட்டிருந்தான். நான் காலை எடுத்தேன். அவன் பேர் செல்லச்சாமி. அவன் சரியா வச்சிட்டிருந்தான்." களுக்கென்று சிரித்தவன் நிறுத்திவிட்டான். தர்ஷன் தன் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ அதில் தண்ணியைக் கொட்டிவிட்ட மாதிரி. குல்கர்னி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வசுமதியைப் பார்த்தார், என்ன சொல்கிறான் என்று புருவத்தால் கேட்டார். இவனுக்கு ஒன்றும் லேசாகவில்லை. சொன்னால் மனசு லேசாகும் என்று எவன் சொன்னானோ அவன் பொய் சொல்லியிருக்கிறான். இதைக் கேட்க வேண்டியவள் கோவில்பட்டியில் இருக்கிறாள், கேட்டது அறுபது அந்நிய முகம். வசுமதி முகத்தில் ஒரு நொடி ஏதோ ஒன்று வந்தது, நிஜமான ஒன்று, உடனே அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள், நல்ல பேராசிரியர். "ரொம்ப ஆனஸ்ட்டா இருந்துச்சு, ஏகாம்பரம். ரொம்ப பவர்ஃபுல். இப்படித்தான் மனசத் திறக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சாருக்குத் தமிழ் தெரியாது. இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு. நேரா கடைசி ஸ்லைடுக்குப் போயிடுங்க, என்ன கத்துக்கிட்டீங்கன்னு ஒரே வரி, இங்கிலீஷ்ல. அது போதும், நான் மிச்சத்தப் பாத்துக்கறேன்." அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். சுபேதாரும் நல்லதுக்குத்தான் சொன்னார். இரண்டு தடவை அமுக்கினால் கடைசி ஸ்லைடு, எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறது, மனப்பாடம்கூட வேண்டாம், பார்த்துப் படித்தால் போதும். அறுபது பேர் காத்திருந்தார்கள். குல்கர்னி பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் பொத்தான் மேல் விரலை வைத்தபடி நின்றான். அமுக்கவில்லை.